கல்லாகிப்போன நெஞ்சு



இந்த வாரத் தியானத்தை நம் ஊர் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன். கடலூரைவிட்டு நெய்வேலிப் பக்கமாக ஏறும்போது, மத்தியச் சிறை அமைந்திருக்கும் கேப்பர் மலையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் பெயரால் வழங்கும் அந்த மேட்டை மலை என்று சொல்வது, மலையே காணாத கடற்கரையில் வாழும் நமக்கு மட்டுமே பொருந்தும் வழக்கம். செஞ்சியிலிருந்து வருகிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் அந்தச் செம்மேட்டின் கல்லுக்குப் புவியியல் நூல்களில் நம் ஊரின் பெயரே இடப்பட்டிருக்கிறது: கடலூர் மணற்கல். புதுச்சேரிப் பகுதி தொடங்கித் தெற்கே காவிரிச் சமவெளியைத் தாண்டியும் ஆங்காங்கே தலைகாட்டும் பாறை வரிசை முழுவதற்கும் அதுவே பெயர்.

அந்தக் கல்லில் ஒரு துண்டை எடுத்து இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். உதிரும். உதிர்வதில் கண்ணாடிபோல் மின்னும் வெண்மணிகளும், சில இடங்களில் ஆற்றுக் கூழாங்கற்களும் இருக்கும். அவை அங்கே பிறந்தவை அல்ல. மேற்கே செஞ்சி, கல்வராயன் போன்ற பழம்பாறை நிலங்களை மழையும் வெயிலும் அரித்து, ஆறுகள் அவற்றின் பொடியைக் கடலை நோக்கிச் சுமந்து வந்து, இந்தச் சரிவில் படலம் படலமாக இறக்கி வைத்தன. மேலே மேலே சேர்ந்த பாரம் கீழிருந்ததை அழுத்தியது. மண்ணுக்குள் ஊறிய நீரில் கரைந்திருந்த இரும்பும் களியும் மணிக்கு மணி பசைபோல் நின்று ஒட்டின. செந்நிறம் என்று நாம் காண்பது அந்த இரும்பின் துருவே. இவ்வளவும் நடக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின.

அந்த வெண்மணிகளின் பூர்வீகம் இதைவிட வியப்பானது. செஞ்சிக் கோட்டை நிற்கும் கருங்கற்குன்றுகள் பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்து, மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியவை. ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தியவை. அத்தகைய பாறை உடைந்த மணலே நம் மணற்கல். நம் மணற்கல் உதிர்ந்த மண்ணில் இன்று பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் நிற்கின்றன. எஞ்சிய மணலைக் கெடிலமும் பெண்ணையாறும் மறுபடியும் கடலில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. அங்கே அது மீண்டும் படலமாகப் படிகிறது. குழம்பு பாறையாகி, பாறை மணலாகி, மணல் திரும்பவும் கல்லாகிறது. கல் என்பது ஒரு பொருளின் பெயர் என்று நினைத்திருந்தேன். அது ஒரு நெடும்பயணத்தில் வரும் தங்குமிடத்தின் பெயர் என்று இப்போது தோன்றுகிறது.

இதை நான் ஏன் எழுதுகிறேன் என்றால், சில மாதங்களுக்கு முன் வீட்டுச் சந்திப்புக்குப் போன இடத்தில் ஒரு தாய் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தின் பொருட்டு. அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். 2004 டிசம்பர் 26 காலையில், கிறிஸ்துமஸ் பண்டிகையின் மறுநாள், தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டைக்குத் தெற்கே வரை நம் மாவட்டக் கரையில் கடல் ஏறி வந்தபோது, ஒன்பது வயது மகனை இழந்தவர் அவர். அன்றுமுதல் அவர் ஆராதனைக்கு வருகிறார். ஒரு ஞாயிறும் தவறவில்லை. ஆனால் பாடுவதில்லை. பிறர் கண்ணீரோடு ஜெபிக்கும்போது அவர் கண் கலங்குவதில்லை. திருவிருந்து எடுத்துவிட்டுக் கடைசி வரிசைக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்துகொள்கிறார்.

"ஐயா, என் நெஞ்சு கல்லாப்போச்சு. கல்லு நெஞ்ச எடுத்துப்போடுறேன்னு வேதத்துல இருக்காமே, நம்ம சபையில ஒருத்தங்க சொன்னாங்க. எனக்கு மட்டும் ஏன் இன்னும் எடுக்கல?"

சொன்னவர் யார் என்று நான் கேட்கவில்லை. தீய எண்ணத்தோடு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆறுதல் என்று நினைத்தே சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த வார்த்தை அவரிடத்தில் ஆறுதலாகத் தங்கவில்லை, குற்றச்சாட்டாகத் தங்கியிருக்கிறது. ஆகவே அவருக்கு நான் தனியாகச் சொன்னதைச் சபை முழுவதற்கும் சொல்லவேண்டியது என் கடமையாகிறது.

எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் வரும் கல்லான இருதயம், கேட்டும் கீழ்ப்படியாத ஜனத்தின் இருதயம். தேசத்தில் இரத்தம் சிந்தியவர்களையும், விக்கிரகங்களைத் தேடிப்போனவர்களையும் குறித்து அந்த அதிகாரம் பேசுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயைக் குறித்து அது பேசவில்லை. தீர்க்கதரிசி கலகக்காரருக்குச் சொன்னதைத் துக்கப்படுகிறவரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது, மருந்துச்சீட்டைப் படிக்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம். துக்கத்தில் நெஞ்சு கல்லாவதற்கும், பிடிவாதத்தில் நெஞ்சு கல்லாவதற்கும் நம் தமிழில் ஒரே சொல் இருப்பது நம்முடைய துரதிர்ஷ்டம். ஆனால் நிலத்தடியில் கல்லாகும் வழிகள் பல. அவற்றில் ஒன்றைப் பார்க்க நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் திருவக்கரை என்றொரு சிற்றூர் உண்டு. காளியம்மன் கோவிலுக்காகப் பலர் அந்த ஊரை அறிவார்கள். அதன் அருகே இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பாதுகாக்கும் கல்மரப் பூங்கா இருக்கிறது. சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1781-இலேயே அந்தக் கல்மரங்களைக் குறித்து எழுதிவைத்தார். செம்மண் மேட்டில் பெரிய பெரிய அடிமரங்கள் படுத்துக் கிடக்கின்றன. பார்வைக்கு மரம், தட்டினால் கல். வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். அவை புதைந்து கிடந்ததும் நம் கடலூர் மணற்கல்லின் வரிசையில்தான்.

அந்த மரங்களில் கிளை இல்லை, வேர் இல்லை, பட்டையும் இல்லை. அவை நின்ற இடத்தில் விழுந்தவை அல்ல என்பதற்கு அதுவே சாட்சி என்கிறார்கள் ஆய்வாளர்கள். பெருவெள்ளம் எங்கோ ஒரு காட்டிலிருந்து அவற்றைப் பிடுங்கி, உருட்டி, மோதி, உரித்து, இங்கே கொண்டுவந்து மணலுக்குள் மூடிவிட்டது. இதைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 2004-க்குப்பின் நம் கரையில் பார்த்தவர்களுக்கு, வெள்ளம் எதையெல்லாம் உரித்துச் செல்லும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

மூடப்பட்ட மரம் அழுகியிருக்கவேண்டும். ஆனால் விரைவாக, ஆழமாக, காற்று புகாதபடி மூடப்பட்டதால் அழுகல் தாமதப்பட்டது. அதற்குள் மணலூடே கசிந்த நீர், தன்னில் கரைந்திருந்த சிலிக்கா என்னும் மணற்சத்தை மரத்தின் நுண்ணறைகளுக்குள் கொண்டுபோயிற்று. நம் கண்ணுக்குத் தெரியாத அந்த அறைகளின் சுவரில் அது படிந்தது; பிறகு அறையை நிரப்பியது; மரச்சத்து கொஞ்சம் கொஞ்சமாக விலக, அந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது. இத்தனைக்கும் பின்பு மரத்தின் வடிவம் கலையவில்லை. வெட்டுமுகத்தில் வளையங்கள் தெரியும். மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், இது ஊசியிலை மர வகை, இது பூக்கும் மர வகை என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு உள்ளமைப்பு நிற்கிறது.

அந்தத் தாயிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, அந்த மரம் மரத்துப்போனதனால் கல்லாகவில்லை. அழுகாமல் இருப்பதற்காகக் கல்லாயிற்று. உங்கள் மகனைக் குறித்து ஒரு வளையமாவது உங்களுக்குள் கலைந்திருக்கிறதா?" அவர் பதில் சொல்லவில்லை. சற்றுப் பொறுத்து, அவன் எந்தச் சட்டையோடு அன்று காலை புறப்பட்டான், பாக்கெட்டில் என்ன வைத்திருந்தான், கொடுத்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எந்த வாசல் வழியாக ஓடினான் என்றெல்லாம் சொல்லத் தொடங்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னார். கண்ணீர் வரவில்லை. வரவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

புதைந்த மரமெல்லாம் கல்லாவதும் இல்லை. 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது, கறுப்பாக ஏதோ வெளிப்பட்டது. பிற்பாடு 1956-இல் அதற்கென்றே ஒரு நிறுவனம் உருவாயிற்று. அந்தப் பழுப்பு நிலக்கரியும் ஒருகாலத்துக் காடுதான். சதுப்பில் விழுந்து, குவிந்து, பாரத்தால் நசுங்கிக் கரியாயிற்று. அதில் ஏறத்தாழப் பாதி இன்னும் நீர். அதன்மேல் நம் மணற்கல் பல பத்து மீட்டர் கனத்துக்கு மூடிக்கிடக்கிறது. அடியிலோ அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டிருக்கும் நீர். அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை நிற்கும். (அந்தச் சுரங்கத்துக்காக வீடும் வயலும் விட்டு வந்தவர்கள் நம் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய துக்கம் வேறு. அதைக்குறித்துத் தனியாக எழுதவேண்டும்.)

ஒரு காடு கல்லாயிற்று. இன்னொரு காடு கரியாயிற்று. எந்த நீர் ஊறியது, எவ்வளவு காற்று புகுந்தது, எந்த மண் மூடியது என்பதைப் பொறுத்து முடிவு மாறியது. மரத்தின் நற்குணம் துர்க்குணம் அதில் இல்லை. அதே கரையில் அதே காலையில் பிள்ளைகளை இழந்த இரண்டு பெண்களில் ஒருவர் உரக்கப் பாடுகிறார், ஒருவர் மௌனமாயிருக்கிறார். பாடுகிறவரைக் காட்டி மௌனமாயிருக்கிறவரைத் திருத்த முயலாதிருங்கள் என்று உங்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

திடப்படுத்தல் வகுப்பில் ஒரு தம்பி எழுந்து, "ஐயா, 250 கோடி ஆண்டு என்கிறீர்கள், ஆதியாகமம் ஆறு நாள் என்கிறதே" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதை அடக்கிவைக்கிற போதகனாக இருக்க எனக்கு விருப்பமில்லை. ஆயிரம் வருஷத்தை ஒரு பகலுக்கும் ஓர் இரவு சாமத்துக்கும் ஒப்பிட்ட சங்கீதக்காரர், தேவனுடைய நாழிகையை நம் கடிகாரத்தால் அளக்கமுடியாது என்று அறிந்திருந்தார். சிருஷ்டித்தவர் யார் என்பதை ஆதியாகமம் சொல்கிறது. சிருஷ்டிப்பு எவ்வளவு பொறுமையாக நடந்தது என்பதற்குக் கேப்பர் மலை ஒரு சாட்சி. அந்தச் சாட்சியைக் கேட்க நான் அஞ்சவில்லை. அந்தப் பொறுமை உண்மையில் எனக்கு ஆறுதலாக இருக்கிறது. ஒரு மணற்படலத்தை இறுகச்செய்ய அத்தனை காலம் எடுத்துக்கொள்கிறவர், ஒரு தாய் இருபது ஆண்டில் தேறவில்லை என்று அவசரப்படுகிறவராக இருக்கமாட்டார்.

சிதம்பரம் பக்கத்துச் சபையார் இதைப் படித்தால், எங்களுக்குக் கல்லே இல்லையே என்பார்கள். உண்மைதான். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அத்தனையும் வண்டல். வயலில் ஒரு கல் அகப்பட்டால் அது யாரோ கொண்டுவந்து போட்ட கல்லாகவே இருக்கும். அங்கே வானளாவி நிற்கும் நான்கு கோபுரங்களின் அடிநிலைக் கருங்கற்கள் ஒவ்வொன்றும் தொலைவிலிருந்து இழுத்துவரப்பட்டவை. மேல்நிலைகளுக்கோ அந்த மண்ணையே சுட்ட செங்கல் போதுமானதாயிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் பயின்ற நம் சபைத் தம்பி ஒருவர், "ஐயா, எங்கள் ஊரில் பாறையைப் படிக்க ஊரைவிட்டுப் போகவேண்டும், ஆனால் பாறை எப்படிப் பிறக்கிறது என்பதைப் படிக்கப் பிச்சாவரத்துச் சேற்றில் இறங்கி நின்றால் போதும்" என்றார். அந்தச் சேறு இப்போது காலை உள்வாங்குகிறது. அதன்மேல் பாரம் ஏறி, காலமும் கடந்தால், அது ஒருநாள் களிப்பாறை.

கல்லறைக் கல்லையும் இங்கே நினைக்கலாம். பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கரும்பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் அடக்கம்பண்ணப்பட்ட ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வணிகரின் கல்லறைப் பலகை அந்தக் கல்லால் ஆனது என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்படிப் பெயரிட்டார். பூமிக்குள் பல மைல் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறை அது. மேலிருந்ததெல்லாம் அரித்துப்போனபின் வெளியே தெரிந்தது. நாம் நிலைத்திருக்கட்டும் என்று பெயர் பொறிக்கும் கல்லும்கூட இப்படி இடம்மாறி வந்ததுதான். தண்ணீர் கற்களைத் தேய்ப்பதையும் மலை சரிந்து கரைவதையும் யோபு தன் வேதனையின் நடுவே கண்டு பேசினான் என்பதை 14-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். கர்த்தரைக் கன்மலை என்று பாடின வேதம், கல்லும் தேயும் என்பதை மறைக்கவில்லை.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். எனக்கு இதுவே முக்கியமாகத் தோன்றுகிறது. நம் மணற்கல் முழுவதும் இறுகாத கல் என்றேனே, அந்தக் குறையினால்தான் இந்த மாவட்டம் தண்ணீர் குடிக்கிறது. செஞ்சிக் கருங்கல்லில் விரிசல் விட்ட இடத்தில் மட்டுமே நீர் நிற்கும். கடலூர் மணற்கல்லிலோ மணிக்கும் மணிக்கும் நடுவே பசை நிரப்பாமல் விட்ட இடுக்குகளில் மழைநீர் இறங்கித் தங்குகிறது. நம் ஆழ்துளைக் கிணறுகள் பல அந்த இடுக்குகளிலிருந்து இறைக்கின்றன. அளவுக்குமேல் இறைத்தால் கரையோரத்தில் உப்புநீர் உட்புகும். அதுவும் நாம் அறிந்ததே.

2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் வீசி ஓய்ந்தபின், மின்சாரமும் பாலும் இல்லாத அந்த நாட்களில், ஆலய வளாகத்தில் தங்கியிருந்தவர்களுக்கு முதல் நாள் கஞ்சி காய்ச்சியவர் யார் என்று அன்று இங்கிருந்தவர்களைக் கேட்டுப்பாருங்கள். கடைசி வரிசையில் பாடாமல் உட்கார்ந்திருக்கும் அதே தாய். ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைத்தார். யாரிடமும் ஒரு வேதவசனம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் இழந்து அழுதுகொண்டிருந்த ஒரு முந்திரி விவசாயியின் மனைவியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கஞ்சி குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. யோபுவின் நண்பர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பு ஏழு நாள் தரையில் அவனோடு மௌனமாக உட்கார்ந்திருந்தார்களே, அந்த ஏழு நாளின் ஊழியத்தை அவரிடம் கண்டேன்.

வருகிற டிசம்பர் 26 அதிகாலையில் வழக்கம்போல் கடற்கரையில் நினைவு ஜெபம் நடக்கும். இந்த ஆண்டு பாடல்களைக் குறைத்து, பத்து நிமிடம் மௌனமாக நிற்பது என்று மூப்பர்களோடு கலந்து தீர்மானித்திருக்கிறோம். பேச விரும்புகிறவர்கள் தங்கள் பிள்ளையின், பெற்றோரின் பெயரைச் சொல்லலாம், சொல்லாமலும் நிற்கலாம். யாரும் யாரையும் அழச்சொல்லவோ, அழாதே என்று சொல்லவோ வேண்டாம்.

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை வாலிபர் கூட்டத்தார் திருவக்கரைக்குப் போகிறார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொள்ளலாம், செயலரிடம் பெயர் கொடுங்கள். காலை ஆறு மணிக்கு ஆலய வாசலிலிருந்து வண்டி புறப்படும். மதிய உணவு கட்டிக்கொண்டு வாருங்கள், வெயில் அதிகமாக இருக்கும் என்பதால் குடையும் தண்ணீரும் அவசியம். கல்மரங்களின்மேல் ஏறக்கூடாது. கீழே சிதறிக் கிடக்கிறதே என்று ஒரு சில்லைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது.